வாகனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஆறு சக்கர லாரி சேலத்திலிருந்து உரமும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு மலைக்கு வரும், திரும்பும்போது காப்பிக்கொட்டையும் சில்வர் ஓக் மரமும் ஏற்றிச் செல்லும். இப்போது இருப்பவை 7.50-16 நைலான் டயர்கள். 8.25-16 டயரையும் அதற்கேற்ற அகலமான டிஸ்க்கையும் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டினால் இன்னும் ஒரு டன் ஏற்றலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். மாற்றலாமா?
வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: கடைக்காரர் மீது குற்றமில்லை, அவர் விற்பது டயர், அது ஒரு டன் கூடுதலாகத் தாங்கத்தான் செய்யும். ஆனால் அந்த எடை அச்சின் மீதும், ஸ்பிரிங் பட்டையின் மீதும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக்கின் மீதும் ஏறுகிறது. அவற்றை நீங்கள் மாற்றப்போவதில்லை. ஆர்.சி.யில் குறித்த மொத்த எடையும் டயரை மாற்றியதால் உயராது. 2019 திருத்தத்துக்குப் பின் மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரமான டயருக்கு வேறொரு விலையும் உண்டு. சக்கரத்தின் சுற்றளவு கூடினால் ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், அதே பிரேக் அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பும் குறையும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் இவை மூன்றுமே உங்களுக்கு எதிரானவை. பின்னால் ஜோடியாக ஓடும் டயர்களுக்கு நடுவில் போதிய இடைவெளி தராத டிஸ்க் அமைந்துவிட்டால், பாரம் ஏறியதும் இரண்டின் பக்கச் சுவர்களும் உரசிச் சூடேறும்.

ஆகவே அளவை மாற்றாமல் தரத்தை உயர்த்துங்கள். டயரின் பக்கவாட்டில் 122/118 என்பது போல் ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் தனி டயருக்கும், இரண்டாவது ஜோடி டயருக்கும் உரியது. இந்த எண்களின்படி தனியாக 1,500 கிலோவும், ஜோடியில் ஒவ்வொன்றும் 1,320 கிலோவும் தாங்கும். அதாவது பின்புற நான்கும் சேர்ந்து 5,280 கிலோ. முழுப் பாரத்துடன் எடைமேடைக்குச் சென்று முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்தி எடை பார்த்தால், உங்களுக்கு எந்த எண் வேண்டும் என்பது ஊகமின்றித் தெரிந்துவிடும். பணம் கொடுத்துச் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான், டயர் வாங்குவது அதற்கு அடுத்தது.

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் டிரம்மின் சூடு டிஸ்க் வழியாக ட்யூபுக்கும் டயரின் விளிம்புக்கும் போகிறது. நைலான் டயர் நெளிந்து நெளிந்து தானும் சூடேறுகிறது. பட்டைக்கடியில் இரும்பு இழை கொண்ட ரேடியல் டயர் இதைவிடக் குளிர்ச்சியாக ஓடும் என்பதால், இப்போதுள்ள அதே 7.50-16 அளவில் ரேடியலுக்கு மாறுவதையே நான் விரும்புவேன். ரேடியலுக்கென்று உள்ள ட்யூபையே போட வேண்டும், ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலக்கக்கூடாது. பட்டன் என்பது தரையில் படும் மேல்பட்டையின் வடிவம்: முன்னால் நீளவாக்கில் கோடுள்ள ரிப் பட்டன், பின்னால் குறுக்கே தடித்த கட்டைகள் உள்ள லக் அல்லது இரண்டும் கலந்த செமி-லக் பட்டன் போதும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வராத ஓட்டுநருக்கு எந்த டயரும் உதவாது.

கேள்வி: மலை ஏறும்போது டயரில் காற்று கூடிவிடும், அடிவாரத்திலேயே கொஞ்சம் குறைத்துவிட வேண்டும் என்கிறார்களே?
வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: வேண்டாம். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்றுமானி சுமார் 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் ஏற்காட்டுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பதும் இயல்பே, அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறிய பிறகு குறைகாற்றில் ஓட நேரிடும். காலையில், வண்டி நகருவதற்கு முன், எல்லாச் சக்கரங்களையும், உள்பக்க டயரை மறக்காமல், பாருங்கள்.

கேள்வி: கல்குவாரியில் ஓடும் டிப்பருக்கு 10.00R20 டயரை விட்டுவிட்டு ட்யூப்லெஸ்ஸுக்கு மாறலாமா? பின்னால் ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரில் புதிய மேல்பட்டை ஒட்டியது) போடலாமா?
வாசகர், ஓமலூர்

பதில்: அதற்கு நிகரான உயரமுள்ள ட்யூப்லெஸ் அளவு 11R22.5. டிஸ்க்கையும் மாற்றியாக வேண்டும். போல்ட் துளைகள் ஹப்புக்குப் பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். டயரை டிஸ்க்கில் பிடித்துவைக்கும் இரும்பு வளையமான லாக் ரிங், காற்றடிக்கும்போது தெறிக்கும் ஆபத்து ட்யூப்லெஸ்ஸில் இல்லை என்பதே எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் குவாரிப் பாதையில் ஜல்லியில் மோதி டிஸ்க்கின் விளிம்பு வளைந்தால் காற்று கசியும். நாள் முழுவதும் குவாரிக்குள்ளேயே வேலை என்றால் ஆழமான லக் பட்டன் உள்ள ட்யூப் டயரே போதும். பாதி ஓட்டம் நெடுஞ்சாலை என்றால் மாறலாம். வெட்டு இல்லாத நல்ல டயரை நாமக்கல்லில் ரீட்ரெட் செய்து பின்னால் போடுவதில் தவறில்லை, முன்னால் மட்டும் ஒருபோதும் வேண்டாம். ஜோடி சேர்க்கும்போது இரண்டின் விட்டமும் 12 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக்கூடாது. வேறுபட்டால் பெரியதே பாரத்தில் பெரும்பகுதியைச் சுமக்கும். டிஸ்க் மாற்றிய வண்டி முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டயரில் 3524 என்று உள்ளது. என்ன பொருள்?
வாசகர், சூரமங்கலம்

பதில்: 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது.