வெண்பட்டின் கரை

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதுகிறேன். கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னதால் கறுப்புப் பின்னணிக்கு மாறினேன். இரண்டு மணி நேரத்தில் எழுத்துகள் நிழலடிக்கின்றன. மாதம் ஒரு வண்ணத் தொகுப்பை மாற்றிப் பார்க்கிறேன், எதுவும் நிலைக்கவில்லை. நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவு சீராக இல்லாத பார்வைக் குறைக்கான அளவு, இருக்கிறதா? திரை கறுப்பாக இருந்தால் கண்ணின் பாவை விரியும். விரிந்த பாவையில் அந்தக் குறை கூடுதலாகத் தெரியும், வெள்ளை எழுத்து ஓரங்களில் கசியும். அதோடு, பகலில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வெளுத்து நிற்கும். அந்த வெளிச்சத்துக்கும் கறுப்புத் திரைக்கும் இடையே கண் ஓயாமல் அலைந்தால் வலிக்கத்தான் செய்யும்.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். வெண்பட்டு வேட்டி தறியில் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன். உடல் முழுக்கப் பட்டுக்கே உரிய மங்கலான வெண்மை, நிறமெல்லாம் கரையில். கரையைக் கண் தேட வேண்டியதே இல்லை. என் திரையும் அப்படித்தான். வெளிர்மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. பிளான் 9 இயங்குதளத்துக்காக ராப் பைக் எழுதிய ஆக்மி என்ற, நிரல் எழுதித் திருத்தும் மென்பொருளிடம் கற்றது அது. ஆக்மி நிரலுக்கு வண்ணமே இடுவதில்லை. நான் அவ்வளவு தூரம் போகவில்லை; மேற்கோள் குறிக்குள் வரும் சரங்களுக்குப் பச்சை, பிழைக்குச் சிவப்பு, குறிப்புரைக்கு அடர்நீலம். ‘இஃப்’, ‘ரிட்டர்ன்’ போன்ற சொற்களுக்கு நிறமே கிடையாது. அவற்றை எந்த நிறத்திலும் கண் அறிந்துகொள்ளும்.

குறிப்புரையைப் பெரும்பாலான தொகுப்புகள் சாம்பலில் புதைக்கின்றன. எனக்கு இது பெரிய வருத்தம். ஒரு நிரலில் மனிதன் மனிதனுக்கென்றே எழுதிய வரி அது ஒன்றுதான். அதை ஏன் மங்கச் செய்ய வேண்டும்?

ஆயத்தமான வண்ணத் தொகுப்பு ஒன்று வேண்டுமென்றால் ஈதன் ஷூனோவர் 2011இல் வெளியிட்ட சோலரைஸ்டு. மொத்தம் 16 நிறங்கள். அவற்றின் ஒளிர்வு இடைவெளிகளைக் கணக்கிட்டு அமைத்திருப்பதால் பகலில் வெளிர் பின்னணி, இரவில் கரும் பின்னணி என்று மாறினாலும் நிறங்களின் உறவு குலையாது. ஒரு குறை உண்டு. பார்வைக் குறை உள்ளவர்களும் படிக்கும்படி இணையப் பக்கங்களுக்கு வகுத்த அணுகல் நெறி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. சோலரைஸ்டின் வெளிர் வடிவத்தில் அது சுமார் 4.1தான். எழுத்தைச் சற்றுக் கருமையாக்கிக்கொள்ளுங்கள்.

நிறத்தைவிட அசைவு பொல்லாதது. கடைக்கண் அசைவைத் தவறவிடாது. மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகள், துடிக்கும் சுட்டி, தானே விரியும் பட்டியல்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேசையைத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போடுங்கள்.

எழுத்து நிழலடிப்பதை மட்டும் திரையின் குற்றம் என்று விட்டுவிடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டியிருந்தாலும், இந்த வாரமே சேலம் வந்து கண்ணைக் காட்டுங்கள்.

அன்புடன்.