ஆடிக் காற்றில் சாய்ந்த தகர வேலி

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் வீடு. பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்னால், சவுக்குக் கால் நட்டு, ஆறடி உயரத்துக்குத் தகரம் அடித்திருந்தோம். போன வாரக் காற்றில் நாற்பதடி நீளம் அப்படியே சாய்ந்து, பக்கத்து வீட்டுத் துணிக்கொடியையும் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டது. அதே தகரத்தை மறுபடி அடிக்கலாமா, சுவரே கட்டிவிடலாமா?
- வாசகி ஒருவர்

பதில்: முதல் வேலையாக, விழுந்து கிடக்கும் தகரத்தின் மேல் கனமான கல்லாகப் பார்த்துத் தூக்கி வையுங்கள், பறந்தால் ஆளையே வெட்டிவிடும். அப்புறம் கால்களைப் பாருங்கள். மண் மட்டத்தில் முறிந்திருந்தால் மக்கிவிட்டது என்று அர்த்தம். ஈரமும் காற்றும் சேர்கிற அந்த ஒரு சாண் இடத்தில்தான் சவுக்கு உளுக்கும், மேலே தட்டிப் பார்த்தால் கிண்ணென்று இருக்கும். முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் குழி ஆழம் போதவில்லை. ஆறடி வேலிக்கு இரண்டரை அடியாவது உள்ளே போக வேண்டும்.

ஆனால் காலை மட்டும் குறை சொல்ல முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு எதிரே இடைவெளியே இல்லாமல் தகரம் அடிப்பது, கப்பலுக்குப் பாய் கட்டி நிறுத்துவது மாதிரிதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன! காற்றுக்கு வழி விடுங்கள். கல்லுக்கால் நட்டு வலைக்கம்பி போதும். மறைப்பு வேண்டுமென்றால் தென்னங்கீற்றைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுங்கள், பெருங்காற்றில் கயிறு அறுந்து கீற்றுதான் போகும், கால் நிற்கும். தகரத்தை விறகு மூட வைத்துக்கொள்ளுங்கள், ஆணி ஓட்டை பெரிதான தகரம் மறுபடி பிடிக்காது.

சுவரா? அஸ்திவாரமும் இடையிடையே தூணும் போடக் காசு இருந்தால் சரி. நாலங்குலச் சுவரை ஆறடிக்கு வெறுமனே எழுப்புவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், அது யார் மேலாவது விழும்.

கொடிக்கம்பியை நீங்களே வாங்கிக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். புதுக் குழி எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் கயிறு பிடித்து எல்லை பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரையடிக்கு ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஐப்பசி மழை இறங்கியதும் கம்பியை ஒட்டி முழத்துக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு வையுங்கள், அதுவே உயிர்வேலியாகிவிடும். துளிர்க்கிற வரை ஆடு மட்டும் பக்கத்தில் வரக் கூடாது.