ஒரே மின்சுமை, ஆனால் சோடியமும் பொட்டாசியமும் ஏன் வேறுபடுகின்றன?

உப்புக் கரைசலில் இரண்டு மின்னேற்றப் பரப்புகளுக்கு இடையிலான விசையை அயனியின் (மின்சுமை கொண்ட அணுவின்) அளவு மாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே மாற்றும்.

தென்பெண்ணையில் புதுவெள்ளம் வரும்போது கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு வையுங்கள். நெடுநேரம் கலங்கியே நிற்கும். களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அரை ஸ்பூன் உப்பைக் கலக்கினால் நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனிகள் துகளைச் சூழ்ந்து அந்தத் தள்ளலை மறைக்கும். துகள்கள் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும்.

மின்னேற்றப் பரப்பை அயனிகள் எப்படிச் சூழ்கின்றன என்று முதலில் கணக்கிட்ட விஞ்ஞானிகள் கூய் (1910), சாப்மன் (1913). இருவரின் கணக்கிலும் அயனி வெறும் புள்ளிதான். 1924-இல்தான் ஸ்டெர்ன் என்ற இயற்பியலாளர் அதற்கு அளவு கொடுத்தார். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தனியாகப் பார்த்தால் லித்தியம் சிறியது, பொட்டாசியம் பெரியது. ஆனால் சிறிய அயனி தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும்; அந்த நீர்ப்போர்வையோடு அளந்தால் லித்தியம்தான் பெரியது! பரப்பை ஒட்டி நெருங்க அதனால் முடியாது, மறைப்பும் குறையும். அதனால்தான் களிமண்ணைப் படியவைக்கப் பொட்டாசிய உப்பு குறைவாகவும், சோடிய உப்பு கூடுதலாகவும், லித்திய உப்பு அதைவிடக் கூடுதலாகவும் தேவைப்படுகிறது.

அப்புறம், பரப்புகள் ஓரிரு நானோமீட்டர் வரை நெருங்கிவிட்டால் அந்தப் போர்வையைக் கழற்றவே தனி ஆற்றல் வேண்டும். அது கூடுதல் விலக்கு விசையாகத் தெரியும்.