முதலில் 1930, அப்புறம் மற்றதெல்லாம்

ஆன்லைன் மோசடி, மிரட்டல் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சம்பா அறுத்து கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறியிருந்தது. 'பிஎம் கிசான்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது, திறந்துவிட்டேன். அன்று ராத்திரியே மூன்று தவணையாக 1,38,000 ரூபாய் போய்விட்டது. வங்கியில், "நீங்கதானே திறந்தீங்க, நாங்க என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். பக்கத்து ஸ்டேஷனில் திருவாரூர் போகச் சொல்கிறார்கள். மகனோ, "வெளியே தெரிஞ்சா அசிங்கம், விட்டுடுங்கப்பா" என்கிறான். நடந்து இரண்டு நாளாகிறது.
- ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: விடாதீர்கள் அய்யா. அது குறுவைக்கு விதைநெல்லும் உழவுக்கூலியும் கொடுக்க வைத்திருந்த பணம், அதைக் கேட்பதில் என்ன அசிங்கம்? இதைப் படித்த கையோடு சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். உங்கள் கணக்கிலிருந்து போன பணம் ஒரே இடத்தில் நிற்காது, ஒரு கணக்கில் விழுந்து சில நிமிடத்தில் நாலைந்து கணக்காகப் பிரிந்து, ஏடிஎம் வழியாகவோ வேறு வழியாகவோ வெளியேறிவிடும். 1930-ல் சொன்னால் அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே போகும், அந்தக் கணக்கில் மிச்சமிருப்பதை அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னவருக்கு நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு நாளானாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கடைசிக் கணக்கில் ஏதாவது தங்கியிருக்கலாம்.

போன் போடும்போது பாஸ்புக்கும் வங்கி எஸ்எம்எஸ்ஸும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு எண் இருக்கும் (யுபிஐ என்றால் 12 இலக்கம்), அதையும் நேரத்தையும் தொகையையும்தான் முதலில் கேட்பார்கள். அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரைப் பதிந்து ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் எஃப்ஐஆர் ஆகாது. நிறையப் பேர் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

ஸ்டேஷன் விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வரும் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேலுள்ள அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று 78-வது பிரிவு சொல்கிறது. மாவட்டத்து சைபர் கிரைம் போலீஸுக்கு அனுப்புவதற்கு அது ஒரு காரணம். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ஸின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் எழுத்தில் எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அதே பிரிவில் இடமிருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும், மோசடிக்குப் புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-ஸின் 318-வது பிரிவும் பொருந்தும். பழைய 420 தான் இப்போது 318.

வங்கி சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும் அவர் வங்கியிடம் தெரிவிக்கும் வரை போனதுதான் அவர் தலையில், தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. தவறு உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். அதனால் வாய்வார்த்தையாகப் பேசிவிட்டு வராமல், தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

முக்கியமான ஒன்று. அந்த ஃபைல் வழியாகப் போனில் ஒரு ஆப் ஏறியிருந்தால், அது இன்னும் உங்கள் எஸ்எம்எஸ்ஸை அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியின் பின் நம்பர்களை மாற்றுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. போலீஸ் பார்த்த பிறகு போனை மொத்தமாக ரீசெட் செய்துகொள்ளலாம்.

கேள்வி: என் இன்ஸ்டாகிராம் போட்டோவை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஒருவன் அனுப்பியிருக்கிறான். 20,000 ரூபாய் தராவிட்டால் காலேஜ் குரூப்பில் போடுவானாம். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். கணக்கை அழித்துவிடட்டுமா?
- ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: அழிக்காதேம்மா, பணமும் கொடுக்காதே. ஒரு முறை கொடுத்தால் அடுத்த வாரம் இன்னும் அதிகமாகக் கேட்பான். அவன் அனுப்பிய படம், மிரட்டல், அவன் கணக்கின் பெயர், லிங்க், தேதி நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு இடத்திலும் ஒரு பிரதி வை. அப்புறம் அவனை பிளாக் செய்.

பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்கு மேலே சொன்ன சைபர்கிரைம் அரசுத் தளத்தில் தனிப்பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் அங்கே புகார் பதியலாம். ஆனால் அவனைப் பிடித்துத் தண்டிக்க வேண்டுமென்றால் பெயரோடு கொடுப்பதுதான் பலம். ஆபாசப் படம் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் 3 ஆண்டு, பாலியல் செயல் உள்ள படமென்றால் 67ஏ-வில் 5 ஆண்டு வரை சிறை. பணம் கேட்டு மிரட்டுவது பிஎன்எஸ் 308-ல் தனிக்குற்றம், படத்தை வெளியிடாவிட்டாலும் குற்றம்தான். உனக்கு 18 வயது ஆகவில்லையென்றால் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும் சேரும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசலாம். ஸ்டாப்என்சிஐஐ என்றொரு இலவசத் தளம் இருக்கிறது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. படம் உன் போனைவிட்டு வெளியே போகாமலேயே அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் எடுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் ஏறாமல் தடுக்க உதவும்.

வீட்டில் யாரிடம் சொல்வது என்பதை நீயே முடிவு செய். அத்தையோ அக்காவோ, ஒருவரிடமாவது சொல். உன்னைப் பெற்றவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: தப்பு செய்தவன் எங்கேயோ இருக்கிறான், பிள்ளையின் படிப்பை நிறுத்துவது அவனுக்குக் கொடுக்கும் தண்டனை இல்லை.

கேள்வி: மாதம் 5,000 தருகிறேன் என்று சொன்ன நண்பனிடம் என் தம்பி தன் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்துவிட்டான். இப்போது கணக்கு முடங்கிக் கிடக்கிறது, வேறு மாநிலப் போலீஸிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. போகாமல் இருந்துவிடலாமா?
- ஒரு அண்ணன், மயிலாடுதுறை

பதில்: போகாமல் இருப்பதுதான் ஆபத்து. பிஎன்எஸ்எஸ் 35-வது பிரிவில் வரும் நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜராகிறவரைப் பொதுவாகக் கைது செய்வதில்லை, ஆஜராகாதவரைக் கைது செய்யலாம். முதல் கேள்வியில் அந்த விவசாயியின் பணம் போனது உங்கள் தம்பி கொடுத்த மாதிரியான ஒரு கணக்குக்குத்தான், அதை அவனுக்குப் புரிய வையுங்கள். நண்பனோடு பேசிய சாட், வந்த பணத்தின் விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100-க்குப் பேசுங்கள், தகுதியிருந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். நோட்டீஸ் உண்மைதானா என்று உங்கள் மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள், போலி நோட்டீஸும் நிறைய வருகிறது.

கேள்வி: வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர் வந்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருப்பதாகவும் போனை வைக்கக் கூடாது என்றும் சொன்னார்.
- ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை சார். எந்தப் போலீஸும் சிபிஐயும் வீடியோ காலில் கைது செய்யாது, சரிபார்க்கிறேன் என்று பணத்தை மாற்றச் சொல்லாது. போனை வைத்துவிட்டு அந்த எண்ணை 1930-ல் சொல்லுங்கள்.