16 வயது மகன் ஃபூட்டிதான் (ஆஸ்திரேலிய உதைபந்தாட்டம்) என் தொழில் என்கிறான். விடலாமா, படிப்பைப் பார் என்று நிறுத்தலாமா?

விடுங்கள் என்பதே என் பதில். நீங்கள் மெல்பேர்ணில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகனின் படிப்பு கெட்டுவிடும் என்றுதான் அஞ்சுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். என் மகன் ஆடத் தொடங்கியபோது நானும் அதற்குத்தான் அஞ்சினேன். அஞ்சியிருக்கவேண்டியது வேறொன்றுக்கு என்பது காலம் கடந்தே தெரிந்தது.

முதலில் தொழிலைப் பற்றி. ஃபூட்டியின் தேசிய லீக்கான ஏ.எஃப்.எல்.இல் இன்று 18 கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நாற்பது பேருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வீரர்களை வைத்திருக்கிறது. ஆகவே நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 800 இடங்களே உண்டு. ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறும் டிராஃப்டில், 18 வயது நிறைகின்ற பிள்ளைகளைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவுசெய்கின்றன. கழகத்தைத் தெரிவுசெய்யும் உரிமை பிள்ளைக்கு இல்லை. நாட்டின் மறுகோடியிலுள்ள பேர்த் கழகமொன்று பெயரை வாசித்தால், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை முடித்த கையோடு பெட்டியைக் கட்டவேண்டியதுதான். தொடக்க ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கே. இடங்களின் தொகை கூடாதபடியால், புதிதாக எத்தனை பேர் உள்ளே வருகிறார்களோ ஏறக்குறைய அத்தனை பேர் அதே பருவத்தில் வெளியே போகவேண்டும். டிராஃப்ட் இரவில் தொலைக்காட்சியில் கட்டியணைத்து அழும் குடும்பங்களைக் காட்டுவார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, ஐந்து நிமிடச் சந்திப்பொன்றில் விடைகொடுக்கப்பட்ட இருபது வயதுக்காரனை எவரும் காட்டுவதில்லை.

இதையெல்லாம் நான் என் மகனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு நான் சொன்னது ஜிம் ஸ்டைன்ஸின் கதை. அயர்லாந்தின் டப்ளினில், உருண்டைப் பந்தில் ஆடும் கேலிக் உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்த அவர் 1984இல் மெல்பேர்ண் கழகத்துக்கு வந்து, முட்டை வடிவப் பந்தை உதைக்க அடியிலிருந்து பழகினார். 1987இல், இறுதிப் போட்டிக்கு முந்திய ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், ஓடக்கூடாத இடத்தில் குறுக்கே ஓடினார். எதிரணிக்கு 15 மீற்றர் முன்னால் உதைக்க வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய கழகம் இரண்டு புள்ளிகளால் தோற்றது. அதே மனிதர் 1991இல் பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் பெற்றார். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று: அவர் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள் ஆடியவர். அந்த எண்ணை எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நானே எழுதி ஒட்டினேன்.

மகனுக்கு 17 வயதான ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உள்ளூர்க் கழகத்தின் ஆட்டம். நான் தண்ணீர்ப் போத்தல் சுமக்கும் தகப்பன்மாரில் ஒருவன். எல்லைக்கோட்டுக்கு அப்பால், 18 வயதுக்குட்பட்டோருக்கான வட்டார அணிக்கு ஆள் பார்க்கும் ஒருவர் குறிப்புப் புத்தகத்துடன் நின்றார். டிராஃப்டுக்கு அந்த அணிகளின் வழியாகத்தான் பெரும்பாலான பிள்ளைகள் போகிறார்கள். உயர்ந்து வந்த பந்தை, பின்னோக்கி ஓடியபடியே தரையில் விழுமுன் பிடித்து மார்க் எடுக்கப் போன என் மகன், எதிரே வந்தவனின் தோளில் தலை மோத விழுந்தான். ஓடிப்போனேன். எழுந்துவிட்டான். புல்லில் கிடந்த, பல்லைக் காக்கும் மௌத்கார்டை எடுத்து வாயில் வைத்தான், அது பொருந்தவில்லை. தலைகீழாக வைத்துக்கொண்டு, பொருந்தவில்லை என்பதும் விளங்காமல், பல்லால் அழுத்திக்கொண்டே இருந்தான். கழகத்தின் முதலுதவியாளர் என்னைப் பார்த்து, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். நான் குறிப்புப் புத்தகக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டு, மூச்சுத்தான் அடைத்தது என்றேன். மௌத்கார்டை நானே திருப்பி வைத்துவிட்டேன்.

அன்றிரவு சாப்பிடும்போது வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சமையலறை விளக்கை அணைத்தான். "அப்பா, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்று மூன்று தரம் கேட்டான். அடுத்த வாரமும் ஆடினான். அதற்கடுத்த வாரம் சிறியதோர் இடிதான் பட்டது. வீடு திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தான். அந்தப் பருவமும் அதற்கடுத்த பருவமும் முடிந்தன. டிராஃப்ட் வயதும் அவற்றோடு போய்விட்டது. இப்போது எலெக்ட்ரீசியன் தொழில் பழகுகிறான், நன்றாகவே இருக்கிறான். ஆனால் நீண்ட நேரம் திரையைப் பார்த்தால் இன்றும் தலையிடி வருகிறது.

விளையாட்டையே பழிக்கிறேன் என்று யாரும் எழுதவேண்டாம். சனிக்கிழமை மாலைகளில் நான் இன்னமும் ஃபூட்டிதான் பார்க்கிறேன். எல்லா விளையாட்டிலும் காயம் உண்டு என்பதும் தெரியும். ஆனால் முழங்கால் வேறு, தலை வேறு. 2014ஆம் ஆண்டு டிராஃப்டின் முதல் மூன்று பெயர்களை எடுத்துப் பாருங்கள். முதலாவது பாடி மக்கார்ட்டின்: தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு 2023இல், 27 வயதில் ஓய்வுபெற்றார். மூன்றாவது ஆங்கஸ் பிரேஷோ: 2024இல் வைத்தியர்களின் சொற்படி நிறுத்திக்கொண்டார். இரண்டாவதான கிறிஸ்டியன் பெட்ராக்காவுக்கு மட்டுமே அந்த முடிவு வரவில்லை. பழைய தலைமுறையின் பெருவீரரான பொலி ஃபார்மருக்கு சி.டி.ஈ. என்னும் மூளைச் சிதைவு இருந்தது அவர் இறந்த பிறகு, 2020இல் தெரியவந்தது. டானி ஃப்ராலி, ஷேன் டக் ஆகிய வீரர்களுக்கும் அது இருந்தது இறந்த பிறகே தெரியவந்தது. உயிரோடு இருப்பவரிடம் அதை உறுதிசெய்ய இன்று வழி இல்லை. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவர் ஏ.எஃப்.எல்.இல் குறைந்தது 12 நாட்களும், உள்ளூர் ஆட்டங்களில் 21 நாட்களும் விலகியிருக்கவேண்டும் என்பது இப்போதைய விதி. அடிபட்டது என்று யாராவது சொன்னால்தான் அந்த விதி வேலைசெய்யும்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகன் ஆடிய காலம் முழுவதும், வார இறுதித் தமிழ் வகுப்பை விட்டுவிட்டு மைதானத்துக்கு அழைத்துப்போகிறேன் என்று எங்கள் ஆட்கள் என்னைக் கடிந்தார்கள். பிள்ளை தமிழை மறந்துவிடுவான் என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. அவன் தலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் இன்றைக்கும் நல்ல தமிழ்தான் கதைக்கிறான்.

ஆகவே ஆட விடுங்கள். பெற்றோரில் ஒருவர் ஆசியாவில் பிறந்திருந்தால் இளம் வீரர்களைப் பழக்கும், கழகங்களின் 'அடுத்த தலைமுறை' அகடமிகளில் இடம் கிடைக்கக்கூடும்; உங்கள் வட்டாரம் எந்தக் கழகத்துக்கு உரியது என்று விசாரியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கச் சொல்லுங்கள், கூடவே ஒரு கைத்தொழிலும் இருக்கட்டும். முதலுதவியாளர் யாரென்று பருவத்தின் முதல் நாளே அறிந்து வையுங்கள். மகன் விழுந்தால், தெரிவாளர் எங்கே நிற்கிறார் என்று பார்க்காமல், அவன் எழுந்ததும் மௌத்கார்டை எப்படி வைக்கிறான் என்று பாருங்கள்.