172 எப்படி −84 ஆகிறது? சி மொழியில் பைட்டுகளை எண்ணாக மாற்றுதல்

கேள்வி: ரிச்சி தெருவில் வாங்கிய ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், லினக்ஸின் கீழ், ஒரு சி நிரல் எழுதினேன். வேவ் ஒலிக்கோப்பின் ஹெட்டரை, அதாவது கோப்பின் விவரங்கள் அடங்கிய தொடக்கப் பகுதியை, ஒரு கேர் அரேயில் படித்து, நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்று சொல்லும் சாம்பிள் ரேட்டைக் கணக்கிடுகிறேன். 44100 என்று சரியாக வருகிறது. அதே நிரலை இன்டெல் மடிக்கணினியில், அங்கும் லினக்ஸில்தான், கம்பைல் செய்தால் −21436 வருகிறது. ஒலித்தரவை, ஒரு நேரத்தில் ஒரு பைட் தரும் எஃப்கெட்சி ஃபங்ஷன் மூலம் படிக்கும் லூப்போ மடிக்கணினியில் பாதியில் நின்றுவிடுகிறது. ராஸ்பெர்ரி பையில் நிற்பதே இல்லை. தவறு எங்கே?
– பொறியியல் மாணவர், கிண்டி

பதில்: இரண்டுக்கும் மூலம் ஒன்றே. பைட்டை வைத்துக்கொள்ள வெறும் கேர் வகையைத் தேர்ந்திருக்கிறீர்கள். அந்த வகை −128 முதல் 127 வரை கொள்ளும் சைன்டு வகையா, 0 முதல் 255 வரை கொள்ளும் அன்சைன்டு வகையா என்பதை சி மொழியின் தரநிலை கம்பைலரின் முடிவுக்கே விட்டுவிட்டது. இன்டெல் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் அதைச் சைன்டாகவும், ராஸ்பெர்ரி பையில் உள்ளது போன்ற ஏஆர்எம் செயலிக்கான லினக்ஸில் அன்சைன்டாகவும் கொள்கிறது. செயலியைப் பார்த்தே ஊகித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். ஆப்பிளின் புதிய மேக் கணினிகளில் இருப்பதும் ஏஆர்எம் வகைச் செயலிதான், ஆனால் அங்கே கேர் சைன்டு.

வழக்கமான வேவ் கோப்பில் சாம்பிள் ரேட், சுழியத்திலிருந்து எண்ணினால் 24ஆம் பைட்டில் தொடங்கி நான்கு பைட்டுகளில், கீழ்நிலை பைட் முதலில் வருமாறு எழுதப்படுகிறது. 44100க்கு அவை 68, 172, 0, 0. 172ஐ 256ஆல் பெருக்கி 68ஐக் கூட்டினால் 44100 கிடைத்துவிடும். மடிக்கணினியிலோ, 172 என்ற பைட் சைன்டு கேருக்குள் சென்றதும் −84 ஆகிவிடுகிறது. கணக்கீட்டுக்காக அது இன்ட்டாக விரியும்போது மைனஸ் குறியும் கூடவே போவதால், −21504உடன் 68 சேர்ந்து நீங்கள் கண்ட −21436 வருகிறது. 128க்குக் குறைவான பைட்டுகளில் இந்தக் கோளாறு தலைகாட்டாது. 8000 ஹெர்ட்ஸ் கோப்பைக் கொண்டு சோதித்திருந்தால், அதன் பைட்டுகள் 64, 31 என்பதால், இரு கணினிகளிலும் விடை சரியாகவே வந்திருக்கும்.

ஆகவே, அரேயை அன்சைன்டு கேர் என்று அறிவித்து, பல பைட்டுகளை ஒன்றாகப் படிக்கும் எஃப்ரீட் மூலம் படித்து, கேட்ட அளவு பைட்டுகள் வந்தனவா என்று அது திருப்பித் தரும் எண்ணைக் கொண்டு சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு பைட்டையும் முதலில் 32 பிட் அன்சைன்டு முழு எண்ணாக காஸ்ட் செய்து, அதாவது வகை மாற்றி, அதன் பின்னரே 0, 8, 16, 24 பிட்டுகள் இடப்புறம் ஷிஃப்ட் செய்து, நான்கையும் பிட் வாரியாக இணைக்கும் ஆர் குறியால் இணையுங்கள். இந்த காஸ்ட்டைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அன்சைன்டு கேரும் கணக்கீட்டில் சாதாரண இன்ட்டாகவே மாறுகிறது. 128 அல்லது அதற்கு மேற்பட்ட பைட்டை 24 இடம் தள்ளினால் 32 பிட் இன்ட் நிரம்பி வழியும், அதன் விளைவுக்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை.

அரேயின் முகவரியை இன்ட் பாயின்டராக காஸ்ட் செய்து ஒரே வரியில் முடித்துவிடும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்ட்டுக்குப் பொருந்தாத முகவரியால் வரும் அலைன்மென்ட் சிக்கல் ஒருபுறமிருக்க, மேல்நிலை பைட்டை முதலில் எழுதும் பிஎன்ஜி படக்கோப்பை அவ்வாறு படித்தால், உங்கள் இரு கணினிகளிலும் அகலம், உயரம் இரண்டும் தவறாகவே வரும். கேரை அன்சைன்டாக்கும் ஜிசிசி ஆப்ஷனும் நோயை மறைக்குமே தவிர நீக்காது; அந்த ஆப்ஷன் இல்லாமல் உங்கள் நிரலை கம்பைல் செய்பவருக்கு அதே −21436 வரும். விண்டோஸிலும் ஓட்டுவதாக இருந்தால் கோப்பை பைனரி மோடில் திறக்க வேண்டும். டெக்ஸ்ட் மோடில் 13, 10 என்ற பைட் இணை 10 மட்டுமாகச் சுருங்கிவிடும்.

லூப்புக்கு வருவோம். எஃப்கெட்சி திருப்பித் தருவது கேர் அல்ல, இன்ட்: 0 முதல் 255 வரை தரவு, கோப்பு முடிந்தாலோ படிப்பதில் பிழை நேர்ந்தாலோ இஓஎஃப் என்ற நெகட்டிவ் எண், வழக்கமாக −1. அதைச் சைன்டு கேரில் வாங்கினால் 255 என்ற பைட்டும் −1 ஆகி, கோப்பு முடிந்துவிட்டதாகத் தோன்றும். 16 பிட் ஒலியில் −1 என்ற சாம்பிளே 255, 255 என்றுதான் பதிவாகிறது என்பதால், மெல்லிய ஓசையிலும் லூப் நின்றுவிடும். ராஸ்பெர்ரி பையிலோ −1 என்பது 255 ஆகிவிடுவதால் முடிவை லூப் அடையாளம் காண்பதே இல்லை. இங்கே அன்சைன்டு கேரும் உதவாது. மதிப்பை ஓர் இன்ட் மாறியில் வாங்கி, அது இஓஎஃப் அல்ல என்று உறுதியான பிறகே அன்சைன்டு கேராக மாற்றுங்கள்.