ஏரிக்கும் கடற்கரைக்கும் ஒரே தூண்டில் ராடு போதுமா?

மாதம் ஒருமுறை பையனோடு மீன் பிடிக்க ஏரிக்குப் போவோம், எப்போதாவது கடற்கரை, கடைக்காரர் 12 அடி ராடும் பெய்ட்காஸ்டிங் ரீலும் வாங்கச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். 12 அடி ராடு அலை தாண்டி எறிவதற்கானது, ஏரிக்கரையில் மரக்கிளையில்தான் மாட்டும், சின்னப் பையனால் தூக்கவும் முடியாது. பெய்ட்காஸ்டிங் ரீலில், எறியும்போது சுழலும் ஸ்பூலின் (நரம்பு சுற்றிய உருளை) வேகத்தைக் கட்டைவிரலால் அடக்கப் பழகவில்லையென்றால் தூண்டில் நரம்பு பந்தாகச் சிக்கிக்கொள்ளும், எப்போதாவது போகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் கைவருவது கடினம்.

7 அடி, மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), இரண்டு துண்டாகக் கழற்றும் ஃபைபர்கிளாஸ் ராடு எடுங்கள். கார்பன் இலகுவானதுதான், ஆனால் கல்லில் ஒரு அடி பட்டால் பிறகு வளையும்போது ஒடியலாம். ரீல், 3000 சைஸ் ஸ்பின்னிங், அதாவது எறியும்போது ஸ்பூல் சுழலாத வகை. பேரிங் எத்தனை என்று பார்க்காதீர்கள், டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) விட்டுவிட்டு இழுக்காமல் சீராக நரம்பை விடுகிறதா என்று கடையிலேயே கையால் இழுத்துப் பாருங்கள், அதுதான் முக்கியம்.

நரம்பு 10 அல்லது 12 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான்). ஜிலேபி மீனுக்கும் கெண்டைக்கும் சின்னத் தூண்டில் முள், தக்கை, மண்புழு போதும், கடற்கரைக்கு ஈயத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம், ரொம்ப தூரம் போகாது, ஆனால் முகத்துவாரத்தில் தாராளமாகப் பிடிக்கலாம்.

அப்புறம், கடலுக்குப் போய்வந்த அன்றே டிராக்கை இறுக்கி நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துக் கழுவுங்கள், காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். மின்கம்பி போகும் இடத்தில் எந்த ராடையும் உயர்த்தி வீசவே வேண்டாம்.